கலயச்செடி

துரை சீமைக்குப் போகுமுன் செடியை ரசலையனிடம் ஒப்படைத்தார். பேச்செல்லாம் ரசலையனிடம். பார்வை சத்தியபாயிடம். தினமும் அதற்கு வெள்ளம் ஊற்றுவது அவன் பெண்டாட்டிதான் என்று அவருக்குத் தெரியும்.

திற்பரப்புக்கு மேலே, ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டம். பங்களாவுக்குப் பின்னால் ஈற்றை மூங்கில் தட்டியால் அடைத்த கொட்டகை. அதற்குள் தேக்குச் சட்டத் தொட்டியில் அந்தக் கொடி நின்றது. கொழும்பிலிருந்து வரும்போது துரை மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்பார்கள். இலையின் நடுநரம்பு இலையோடு நிற்காமல் நூலாக நீண்டு கீழே தொங்கும். நூலின் முனையில் ஒரு கலயம். விரல் அளவிலும் உண்டு, சாண் அளவிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடி திறக்குமுன்பே உள்ளே வெள்ளம் ஊறியிருக்கும். திறந்தபின் ஈ விழும், எறும்பு விழும். விழுந்தது வெளியே வராது. துரை சொல்லும் பெயர் வாயில் நிற்காததால் எல்லோருக்கும் அது கலயச்செடி.

துரையின் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். மீதியை பட்லர் ஜெபமணி சொன்னான்.

“மழைவெள்ளந்தான் விடணும். கெணத்து வெள்ளம் ஆவாது. ஆத்து வெள்ளமும் ஆவாது. சாணி வைக்கப்பிடாது, சாம்பல் போடப்பிடாது. கேட்டியா சத்தியபாயி? ஒனக்க வீட்டு முருங்கை இல்ல இது. கலயத்துக்குள்ள வெரல விடப்பிடாது. கலயத்தக் கவுக்கப்பிடாது.”

“நீரு ஒருக்கா கவுத்துப் பாத்தீராமே வேய்” என்றான் ரசலையன்.

“அது வேற. உள்ள பிராந்தி கெடக்கான்னு பாத்தேன்.”

துரைக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். ஜெபமணியும் சிரிக்காமல் அதைச் சொன்னான்.

“கிறிஸ்மசுக்கு வாறாரு. செடி உயிரோட நின்னா நீ தோட்டக்காரன். பொறத்த வீடும் ஒனக்கு. நிக்கல்லெங்கி தோட்டக்காரனே வேண்டாங்காரு.”

சத்தியபாய் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அது ஒரு செடி.

ரசலையனுக்கு வேறு ஒரு தொழில்தான் தெரியும். மண்டைக்காட்டுக்கு வடக்கே பனங்காட்டில் அப்பன் முத்துநாயகம், மூத்தவன் செல்வதாஸ், இளையவன் ரசலையன் மூன்று பேரும் விடியுமுன் பனையேறுவார்கள். இருட்டில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அப்பன் உச்சிக்குப் போனதும் நீட்டி ஒரு கூவல் கூவுவார். மூத்தவன் தன் பனையிலிருந்து குறுக்க ஒன்று பதில் கூவுவான். பிறகு இளையவன். பதில் வந்தால் ஆள் மேலே பத்திரமாக இருக்கிறான். இறங்கிவிட்டால் இரண்டு கூவல். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஒரு மழைக்கால விடியலில் அப்பன் கூவினார். மூத்தவனின் பதில் வரவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்து அவர் தன் பனையில் பாளை முழுவதையும் சீவி முடித்தார். பிறகுதான் இறங்கினார்.

சத்தியபாய் கல்யாணமாகி வந்த புதிது. அடுப்பில் அக்கானி, பனையின் பதநீர், கொதித்துக்கொண்டிருந்தது. செல்வதாஸைத் தூக்கிவந்து பாயில் கிடத்தினார்கள். அவன் வலது கையில் மூன்று விரல்களில் சுண்ணாம்பு ஈரம் காயாமல் இருந்தது. அக்கானி புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே பூசுகிற சுண்ணாம்பு. அவன் பெண்டாட்டி எலிசா அக்கா அந்தக் கையைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சத்தியபாய் ரசலையனின் தளைநாரை எடுத்து அடுப்பில் வைத்தாள். காலில் மாட்டிப் பனையேறும் நார் அது. பச்சை நார், எரிய நேரமாயிற்று. ரசலையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை. சபை உபதேசியார் யாரிடமோ சொல்லி இந்தத் தோட்டத்தில் வேலை வாங்கித் தந்தார். மலையில் பனை கிடையாது. அவளுக்கு அது போதும்.

செடி செத்தால் பனை. அவளுக்குக் கணக்கு அவ்வளவுதான்.

*

துரை போனபின் அவள் கொட்டகையிலேயே கிடந்தாள். பங்களாத் தகரத்தில் விழும் மழையைக் குட்டுவத்தில் பிடித்து வைத்தாள். திற்பரப்பு அருவிப் பாறையிலிருந்து ரசலையன் பாசி சுரண்டிக் கொண்டுவந்தான். தொட்டியில் மண் கிடையாது. பாசியும் பெரணி வேரும் தேங்காய்க் கதம்பை நாரும் மட்டும்.

கொடியை வெட்டிப் பதியம் வைக்கும் முறையைத் துரை செய்து காட்டியிருந்தார். கத்தியைச் சுடுவெள்ளத்தில் கழுவணும். மூன்று கணு வைத்துத் துண்டாக்கணும். இலையைப் பாதியாக நறுக்கிவிடணும். ஈரப் பாசியில் நட்டு மேலே பிஸ்கட் சாடியைக் கவிழ்க்கணும். அதன்பின் தொடவே கூடாது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று அவள் ஒரு துண்டு வைத்தாள். வேர் வந்ததா என்று தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். அழுகிப்போயிற்று.

“கெணறு வெட்டினவன் மாதிரி தோண்டித் தோண்டிப் பாத்தா எது பிழைக்கும்?” என்றான் ஜெபமணி. “நட்டா மறந்துரணும். எனக்கு தொரை தாற சம்பள உயர்வு மாதிரி.”

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட சமயம், கடற்கரைப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவந்தவன் ஒரு சேதி சொன்னான். முத்துநாயகம், மகன் விழுந்த பனையிலேயே ஏறுகிறாராம். உச்சியில் இருந்து கூவுகிறாராம். பதிலுக்குக் காத்திருக்கிறாராம். வெயில் ஏறினாலும் இறங்குவதில்லையாம்.

ரசலையன் போய் அப்பனை அழைத்துவந்தான். மார்த்தாண்டம் வரை வில்வண்டி, அங்கிருந்து நடை. மாமா நனைந்து வந்து நின்றார். இடுப்பில் பாளையருவாளும் சுண்ணாம்புக் குடுவையும் வைக்கிற அருவாப்பெட்டி. அதை அவிழ்க்கச் சொன்னபோது, கேட்காதவர்போல அடுப்படிக்குப் போனார். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தாள். பெட்டியோடேயே உட்கார்ந்து தின்றார்.

“மீனு எங்கயுள்ளது?”

“கொளச்சல் சாளை மாமா. சந்தைக்கு வந்தது.”

“மலைக்கு ஏறியதுக்குள்ள உப்பெல்லாம் போச்சு.”

மறுநாள் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தார். ரசலையன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

“ரப்பர் மரத்துல பால் பிடிக்கிய செரட்டயப் பாத்துட்டு அப்பா கேக்காரு, எந்தச் சோம்பேறி இவ்வளவு தாழக் கெட்டினான்னு.”

“பின்ன? கைக்கெட்டுற ஒயரத்துல கெட்டினா ஆடு குடிக்காதா?” என்றார் மாமா.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அவள் கொட்டகைக்கு வெள்ளம் கொண்டுபோனாள். மாமா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். மழை தட்டியில் சடசடத்தது. தொட்டியை அவர் பார்க்கவில்லை. இலையைப் பார்க்கவில்லை. நேரே கலயங்களைப் பார்த்தார்.

“இது ஆரு கெட்டினது?”

“ஆரும் கெட்டல்ல மாமா. செடியில காய்க்குது.”

“கலயம் காய்க்குமா பிள்ளே?”

“இதுல காய்க்கும்.”

அவர் கிட்டே போனார். முந்தின நாள்தான் மூடி திறந்த ஒரு கலயம். அதற்குள் விரலை விட்டார். அவள் தடுக்குமுன் விரல் வெளியே வந்துவிட்டது. நுனியில் மாவுபோல வெள்ளைப் பொடி. கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தார். மோந்தார்.

“சுண்ணாம்பு” என்றார்.

சத்தியபாய் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்தது வெள்ளத்தையும் அதில் மிதக்கும் ஈயையும்தான். கழுத்திலிருந்து பாதிவரை உள்சுவரில் வெள்ளை பூத்திருந்தது. ஈ வழுக்கி விழுவது அதில்தான் என்று துரை சொன்னது நினைவுக்கு வந்தது.

“அது மெழுகாக்கும் மாமா. செடிக்க மெழுகு. தொரை சொல்லியிருக்காரு.”

“கழுத்துல இருந்து பாதி. அதுக்குக் கீள பூசமாட்டான். மிஞ்சினா அக்கானி காறும்னு சொல்லுவான். நான் நெறைய பூசுவேன். அதுக்கு எனக்கிட்ட சண்டை பிடிப்பான்.” அவர் விரலை வேட்டியில் துடைக்கவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார். “செல்வதாசுக்க கையி.”

பக்கத்தில் ஒரு கலயம் இன்னும் மூடியிருந்தது. மூடி விளிம்போடு ஒட்டி, ஒரு இடுக்கும் இல்லாமல். மாமா அதை நகத்தால் நெம்பினார். மூடி திறந்துகொண்டது. உள்ளே வெள்ளை.

“திறக்காத கலயத்துல ஆரு மக்ளே பூசுவா?” என்று அவளிடம் கேட்டார்.

மெழுகு என்று மறுபடி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

*

மறுநாள் விடியலில் கூவல் கேட்டு எழுந்தாள். நீட்டி ஒன்று. கொட்டகையிலிருந்து. பிறகு மழை மட்டும். மாமா காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பாயில் ரசலையன் கண்ணைத் திறந்து கிடந்தான். அவன் தொண்டை அசைந்தது.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. பழக்கம்.”

“என்ன பழக்கம்?”

“கேட்டா வாய் தன்னால தொறக்கும். சின்னதுலயே உள்ளதுல்லா.” புரண்டு படுத்தான். “மொதல்ல அண்ணன் சொல்லணும். பெறகுதான் நான். அவன் சொல்லாததுனால நானும் சொல்லல்ல.”

அதற்கப்புறம் தினமும் கூவல். ஜெபமணி சேவலை அறுத்துவிடலாம் என்றான். “இனி அதுக்கு இஞ்ச என்ன சோலி? குழம்பு வைக்கட்டுமா?” பின் குரலைத் தாழ்த்தி ரசலையனிடம் சொன்னான்: “தொரை வாற நேரமும் இப்படிக் கூவினா என்னவே சொல்லுவீரு?”

மழை சற்று விட்ட ஒரு காலையில் சத்தியபாய் கொடியின் நுனியைப் பார்த்தாள். சரிவாகச் சீவியிருந்தது. தாள்போல மெலிந்த சீவல் தொட்டி விளிம்பில் கிடந்தது. நத்தை தின்றால் அரித்திருக்கும். குரங்கு என்றால் பிய்த்திருக்கும். மறுநாள் அதே நுனியில் இன்னொரு சீவல். அதற்கு மறுநாளும். பாளை சீவுகிறவன் அப்படித்தான் தினம் ஒரு சீவல் எடுப்பான்.

பிறகு இலை மஞ்சளித்தது. விளிம்பு கறுத்தது. கலயங்கள் கழுத்தில் சுருங்கித் தொங்கின. தொட்டிப் பாசி பச்சை போய் வைக்கோல் நிறமாயிற்று. அவள் ஒரு கலயத்தை எட்டிப் பார்த்தாள். வெள்ளம் பால்போல இருந்தது. சுவரில் கட்டி கட்டியாக வெள்ளை. மழைச்சாரலில் நிரம்பி வழிந்து, வழிந்த தடமெல்லாம் வெளுத்து, அது வேரில் இறங்கியிருந்தது. இது மெழுகு இல்லை. கைவிரல் தடம் தெரிந்தது.

மாமா அடுப்படியில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்க கலயத்துல சுண்ணாம்பு போட்டியளா?”

“ஓ.”

“எதுக்கு மாமா?”

“பளைய கலயத்துல மட்டும். அவன் புதுசுக்குப் பூசிட்டுப் போறான். பளசத் திரும்பிப் பாக்கமாட்டான். மடியன். சின்ன வயசிலயே அப்படித்தான். எல்லாம் புளிச்ச நாத்தம் வருது. ஈயும் வண்டும் செத்து மெதக்குது. நீயும் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிய?”

“சீவினதும் நீங்கதானா?”

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். கைகள் நடுங்கின. விரல்கள் ஒன்றோடொன்று இடித்தன.

“இந்தக் கைய வச்சி ஒரு வெத்தில நரம்பு கிள்ள ஒக்குமா பிள்ளே?”

அருவாப்பெட்டியை அவரே திறந்து காட்டினார். சுண்ணாம்புக் குடுவை ஈரமாக இருந்தது. பாளையருவாளை அவள் வெளியே எடுத்தாள். முனையிலிருந்து பிடிவரை துரு. அதில் எதையும் சீவியிருக்க முடியாது.

“சுண்ணாம்பு நான்” என்றார் மாமா. “சீவியது அவன்.”

*

ரசலையன் கொட்டகையில் நெடுநேரம் நின்றான். வெளியே வந்து அப்பனைப் பார்த்தான். அருவாப்பெட்டியிலிருந்து சுண்ணாம்புக் குடுவையை எடுத்து ஆற்றில் வீசினான்.

“கிறிஸ்மஸ் வர கெடக்காது இது” என்றான் சத்தியபாயிடம்.

“கெடக்கும். வெட்டி வைக்கேன்.”

“நீ வெட்டி வச்சத நான் பாத்தேனே.”

“இந்தத் தடவ தொடமாட்டேன்.”

“தொரை வந்து கேப்பாரு. என்ன சொல்ல? எங்கப்பன் ஒனக்க செடிய பனைன்னு நெனச்சாருன்னு சொல்லவா?” திண்டில் உட்கார்ந்தான். காலை நீட்டிப் பார்த்துக்கொண்டான். கணுக்காலில் பழைய தளைநார்த் தழும்பு. “போவட்டும். எனக்கு கையும் காலும் இருக்கு.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். இருக்கட்டும்.”

“எல்லாரும் விழமாட்டாங்கட்டி.”

“ஒங்க அண்ணனும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு.”

அவன் எழுந்து போனான். ராத்திரிக் கஞ்சிக்கு வந்தபோது, மார்த்தாண்டம் சந்தையில் நல்ல தளைநார் கிடைக்குமா என்று அப்பனிடம் விசாரித்தான். மாமா விவரமாகச் சொன்னார். சத்தியபாய் இருவருக்கும் பயறு வைத்தாள்.

மறுநாள் அவள் கத்தியைச் சுடுவெள்ளத்தில் கழுவினாள். கொடியில் பச்சை மிச்சமிருந்த இடமெல்லாம் வெட்டினாள். ஒவ்வொரு துண்டையும் மழைவெள்ளத்தில் அலசினாள். இலையைப் பாதியாக நறுக்கினாள். புதுப் பாசி, புதுச் சட்டி. பங்களாவில் கிடைத்த கண்ணாடிச் சாடியெல்லாம் ஜெபமணி எடுத்துத் தந்தான். துரைசானி ஊறுகாய் போடுகிற சாடிகூட.

“இதுக்கும் நான் பதில் சொல்லணும்” என்று முணுமுணுத்தான். “செடி பிழைச்சா எனக்க பேரச் சொல்லு. செத்தா நான் பாக்கவே இல்ல.”

தாய்க்கொடி தொட்டியில் குச்சியாக நின்றது. மாமா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சாடிகளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றில் கலயம் இல்லை.

சத்தியபாய் சாடிகளைத் தொடவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பாள். கண்ணாடியின் உள்ளே ஆவி படிந்து துளியாகி இறங்கும். பாதி இலைகள் வாடாமல் நின்றன. ஓணத்துக்கு முந்தி ஒரு துண்டின் கணுவில் பச்சை முள்போல ஒன்று முளைத்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம்.

மறுநாள் காலையில் பார்த்தாள். சாடி அசையாமல் இருந்தது. பாசியில் அதன் விளிம்பு பதிந்த வட்டம் கலையவில்லை. உள்ளே அந்த முளையின் நுனி சரிவாகச் சீவியிருந்தது.

அவள் சாடியைத் தொடாமலே திரும்பினாள்.

“மாமா” என்றாள்.

மாமா தாய்க்கொடியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “அவன் இன்னும் எறங்கல்ல மக்ளே. எறங்காதவன் சீவத்தானே செய்வான்.”

“எப்ப எறங்குவாரு?”

“நான் கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். எறங்கினா ரெண்டு கூவல் வரும். வரல்ல. அண்ணைக்கு நான் கேக்காமப் போனது ஒண்ணுதான். இனி வந்தா கேப்பேன்.”

அன்று முழுவதும் அவள் அதையே யோசித்தாள். துணி துவைக்கும்போது, ஆற்றங்கரையில் யாரும் இல்லாத நேரம், வாயைக் குவித்துக் குறுக்க இரண்டு தரம் கூவிப் பார்த்தாள். பெண்குரல். குரலைத் தாழ்த்தி மறுபடி கூவினாள். கிழவர் காதுக்கு அது போதும்.

விடியலில் மூடுபனி ரப்பர் மரங்களின் இடுப்புவரை நின்றது. பாயில் ரசலையன் இல்லை. பாசி எடுக்க ஆற்றுக்குப் போயிருப்பான். அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தட்டியில் சாய்ந்து நின்றாள். உள்ளே மாமா இருமினார். செருமினார். பிறகு கூவினார். நீட்டி ஒன்று.

அவள் மூச்சை இழுத்தாள்.

மேலேயிருந்து இரண்டு கூவல் வந்தது. குறுக்க, அடுத்தடுத்து.

பனிக்கு மேலே எங்கோ. ரப்பர் மரம் அவ்வளவு உயரமில்லை. அவள் இழுத்த மூச்சு வாயிலேயே நின்றது.

ரசலையன்தான். அவனுக்கும் இதே யோசனை வந்திருக்கும். பங்களாக் கூரையில் ஏறி நின்று கூவியிருப்பான். அவள் அப்படித்தான் நினைத்தாள். நினைத்து முடிக்குமுன், கீழே ஆற்றுப் பாதையில் கால்சத்தம் கேட்டது. பாசிக் கூடையைத் தோளில் வைத்து, வெள்ளம் சொட்டச் சொட்ட ரசலையன் ஏறி வந்தான்.

“இஞ்ச என்ன பண்ணுதே?”

“நீங்க கூவினியளா?”

“நானா? அருவிச் சத்தத்துல எனக்கு அப்பா கூவினதே கேக்கல்ல.”

கொட்டகை வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். அருவாப்பெட்டியை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அதை அவளிடம் நீட்டினார்.

“எறங்கிட்டான்” என்றார். “காப்பி இருக்கா பிள்ளே?”

*

அதன்பின் அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. அடுப்படி ஓரத்தில் பாய் போட்டுக் கிடந்தார். கஞ்சியை நன்றாகக் குடித்தார். மீனில் உப்பில்லை என்று குறை சொன்னார். ஐப்பசித் துலாமழையில் ஒரு மத்தியானம் தூக்கத்தில் போய்விட்டார். திற்பரப்புப் பக்கத்துச் சபைக் கல்லறையில் அடக்கினார்கள். எலிசா வந்து ஒரு நாள் தங்கினாள். கொட்டகையைக் காட்டவா என்று சத்தியபாய் கேட்கவில்லை. அருவாப்பெட்டியைக் குழியில் மாமாவின் பக்கத்தில் வைக்கலாமா என்று ரசலையன் உபதேசியாரிடம் கேட்டான். அது நம்ம முறையில்லை என்றார் அவர். ரசலையன் அதை உத்தரத்தில் தொங்கவிட்டான். சத்தியபாய் எடுத்து ஆற்றில் போட்டாள். அவன் தேடவில்லை.

சீவிய முளைக்குப் பக்கத்தில் இரண்டு முளை வந்தது. மற்றத் துண்டுகளிலும் வந்தது. சாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு பகல் முழுவதும். கிறிஸ்மசுக்கு முந்தின வாரம் துரை வந்தபோது வரிசையாகச் சிறு செடிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் நாலைந்து இலை. இலை நுனியில் மயிர்போல நூல்.

துரை முதலில் தாய்க்கொடியின் காய்ந்த குச்சியைத் தொட்டுப் பார்த்தார். ஜெபமணி தன் செருப்பைப் பார்த்தான். பிறகு துரை குனிந்து சிறு செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். துரைசானியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊறுகாய்ச் சாடியைப் பற்றி அந்த அம்மாள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

“நீ தோட்டக்காரனாக்கும்” என்றான் ஜெபமணி ரசலையனிடம். “வீடும் ஒனக்குத்தான். இன்னொண்ணும் சொல்லுதாரு. இதெல்லாம் அந்தத் தாய்க்குப் பொறந்த பிள்ளைகள் இல்லையாம். வெட்டி வச்சது எல்லாம் அந்தச் செடியேதானாம். அது சாவவே இல்லியாம்.”

ரசலையன் சிரித்தான். சத்தியபாய்க்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இரவில் அவன் கணுக்கால் தழும்பில் தேங்காயெண்ணெய் தடவினாள். இனி அது மறையட்டும் என்றாள்.

தை பிறக்குமுன் ஒரு நூலின் முனை வீங்கியது. நாளுக்கு நாள் நிமிர்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கலயம். முதல் கலயம். இன்றைக்கு மூடி திறக்கும் என்று விடியலிலேயே இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். நல்ல பனி. அவள் சட்டிக்கு வெள்ளம் விட்டாள். ரசலையன் குந்தி உட்கார்ந்து விளக்கைத் தாழ்த்திப் பிடித்தான்.

“பாத்தியா, தையல் விடுது” என்றான்.

மூடியின் விளிம்பு ஒரு மயிரளவு பிரிந்தது.

அப்போது கேட்டது. நீட்டி ஒரு கூவல். மேலேயிருந்து. மாமாவின் குரல். ஆனால் அதில் இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. பனங்காட்டில் அவள் புதுப்பெண்ணாகக் கேட்ட குரல்.

ரசலையன் தலையைத் தூக்கினான். அவனுக்கும் கேட்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி, அதே உயரத்திலிருந்து, குறுக்க ஒரு பதில் வந்தது. மூத்தவன்.

பிறகு மௌனம். அந்த மௌனம் யாருக்காக விட்டது என்று அவளுக்குத் தெரியும். ரசலையனின் தொண்டை அசைந்தது. வாய் தன்னால் திறந்தது.

அவள் ஈரக் கையை அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

அவன் தடுக்கவில்லை. அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் சூடாக அடித்தது. உதடு கைக்குள் அசைந்துகொண்டிருந்தது. மேலே யாரோ காத்திருந்தார்கள். சட்டியில் மூடி முழுவதும் திறந்துவிட்டது. உள்ளே கழுத்திலிருந்து பாதிவரை வெள்ளை பூசியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணையே பார்த்தாள்.

பனி விலகி, வெயில் தட்டி இடுக்கில் விழுந்து, பங்களாவில் ஜெபமணி இருமிக்கொண்டு கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை.